சாயாத வண்டி

என் வீட்டுக்காரருக்கு மலைப்பாதை வளைவு ஒத்துக்கொள்ளாது. கல்யாணமான புதிதில் இல்லாத இந்த வியாதி, எங்கள் மகள் மலை மேல் இருக்கிற ஊரில் வேலை கிடைத்துப் போன பிறகு வந்தது. எந்த வண்டி எந்த மூலையில் முனகுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். வீட்டுக்குள் நடப்பதுதான் என் காதில் விழவில்லை.

நான் வைத்திருப்பது கார் பட்டறை. என்ஜின் பக்கம் போகமாட்டேன், பெயின்ட் பக்கமும் போகமாட்டேன். வண்டிக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங், அதிர்வை அடக்குகிற ஷாக் அப்சார்பர், இரும்போடு இரும்பு உரசாமல் மாட்டுகிற ரப்பர் புஷ் இவைதான் என் பிழைப்பு. தெருவில் எல்லாரும் என்னை ஸ்பிரிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இவருக்கு எதிர்ச்சாரியில் மூக்குக் கண்ணாடிக் கடை. சத்தம் இல்லாத வேலை, சத்தம் இல்லாத மனுஷன். வீட்டில் பேச்செல்லாம் நானும் மகளும்தான். இவர் நடுவில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

மகள் மருந்துக்கடையில் வேலை என்று கிளம்பும்போது, மாடியில் ஒரு அறை பார்த்திருப்பதாகச் சொன்னாள். "கொஞ்சம் ஒழுங்கு பண்ணிட்டுச் சொல்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க" என்றாள். ஒழுங்கு பண்ண அவளுக்கு ஒரு மாதம் கொடுத்தேன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியாது. எங்கள் பழைய வெள்ளைக் காரில் இவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மலைப்பாதையில் நாலைந்து வளைவு ஏறுவதற்குள் இவர் ஜன்னல் பக்கம் சாய்ந்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, "திருப்பிடு, முடியல" என்றார். பதறிப்போய்த் திருப்பினேன். அடுத்த முறையும் அதே இடம், அதே கைக்குட்டை.

"சரி, நான் மட்டும் டாக்ஸியில போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றேன். இவர் முகம் சுருங்கிவிட்டது.

"நீ மட்டும் போய்ப் பார்த்துட்டு வந்து எனக்குக் கதை சொல்லுவ. நான் இங்க உக்காந்து உம் கொட்டணுமா? அவ எனக்கும் பொண்ணுதானே?"

அந்த ஒரு கேள்வியில் நான் கரைந்துபோனேன். அதிகம் பேசாத மனுஷன் ஒன்று கேட்டால் அப்படித்தான் ஆகிவிடுகிறது. "நீங்க இல்லாம நான் போகமாட்டேன். வண்டியைச் சரி பண்றேன், சேர்ந்தே போவோம்" என்று வாக்குக் கொடுத்தேன். யாரும் கேட்காத வாக்கு. நானாகவே போய்க் கழுத்தை நீட்டினேன்.

மகளிடம் போனில் சொன்னதும், "அவசரமே இல்லம்மா. அப்பா உடம்புதான் முக்கியம்" என்றாள். எவ்வளவு பொறுப்பான பெண் என்று பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

வளைவில் வண்டி சாய்வதைக் குறைப்பது பெரிய வித்தை இல்லை. விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டால் சாய்வது நின்றுவிடும். ஆனால் ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து கதவைத் தட்டும். சாயவும் கூடாது, குலுக்கவும் கூடாது என்றால்தான் தலைவலி. முதலில் நான் விறைப்பான ஸ்பிரிங்கைத்தான் போட்டேன். ஊருக்குள்ளேயே மேம்பாலம் வரை கூட்டிப்போய்க் காட்டினேன். "சாயல. ஆனா முதுகு போச்சு" என்றார். நியாயம்தானே என்று கழற்றிவிட்டேன்.

அடுத்து, மெத்தென்ற பழைய ஸ்பிரிங்கையே விட்டுவிட்டு, குறுக்கே ஓடுகிற கம்பியை மாற்றினேன். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கிற கம்பி அது. பட்டறையில் ஸ்டெபிலைசர் என்போம். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் அது தன்பாட்டுக்குச் சுழன்று கொடுத்துவிடும், ஒன்றும் செய்யாது. வளைவில் ஒரு பக்கம் மட்டும் அமுங்கும்போது முறுக்கிக்கொண்டு, "நீ மட்டும் எங்கே போகிறாய்" என்று பிடித்து நிறுத்தும். தடிமனான கம்பி போட்டேன். சாய்வு போயே போச்சு. ஆனால் ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த அடி மறுபக்கத்துக்கும் போய், உட்கார்ந்திருப்பவர் தலை இப்படியும் அப்படியும் வெட்டியது. "கழுத்து வலிக்குது" என்றார் இவர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

இப்படியே மாதங்கள் ஓடின. கம்பியில் ஒரு சுற்று மெலிந்ததைத் தேடிப் பிடித்தேன். வண்டி எழும்பி வருகிற வேகம் குறைகிற மாதிரி ஷாக் அப்சார்பரை மாற்றினேன். கூரை மேலிருந்த கேரியரைக் கழற்றி எறிந்தேன், மேலே எடை இருந்தால் சாய்வு கூடும். இதையெல்லாம் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து சோதிக்க முடியாது. ஸ்டியரிங்கைப் பிடித்தவனுக்கு எந்த வண்டியும் குமட்டாது. பக்கத்துக் கடையில் ஒடுக்கு எடுத்துப் பெயின்ட் அடிக்கிற டிங்கர்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு, நான் பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். இவருடைய வயிற்றை எனக்குள் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் புரட்டும், எந்த இடத்தில் அடங்கும் என்று உடம்பால் தேடினேன்.

"அக்கா, மாசமா இருக்கிறவங்களைக்கூட இவ்வளவு பதவிசா யாரும் கூட்டிட்டுப் போனதில்ல" என்று டிங்கர்காரர் கிண்டலடித்தார். அவரே கடைசியில் வண்டிக்கு நீல நிறம் அடித்தும் கொடுத்தார். அதை மகளுக்குச் சொல்லவில்லை. அடையாளம் தெரியாத நீல வண்டியில் போய் வாசலில் நின்று அவளை அசத்த வேண்டும் என்று ஆசை.

அந்தச் சமயத்தில்தான் மலைப்பாதையில் ஓடுகிற ஷேர் டாக்ஸிக்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். அவர் வண்டி ஓடுவதைப் பார்த்தாலே பாவமாக இருந்தது, தெருமுனையில் திரும்பும்போதே ஒரு பக்கமாகப் படுத்து எழுந்தது. பின்னால் உட்காருகிறவர்கள் வாந்திக்குக் கையோடு கவர் கொண்டு வருகிறார்கள் என்றார்.

சாய்வு வேலை எதுவானாலும் முதலில் நான் டிக்கியைக் காலி செய்வேன். உள்ளே பாரம் இருந்தால் நாலு மூலையும் நிற்கிற உயரம் தப்பாகக் காட்டும். ஜாக்கி, தண்ணீர்க் கேன், பழைய போர்வை என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். போர்வைக்கு அடியில் ஒரு குடை இருந்தது. கறுப்புக் குடை, வளைந்த பிடி. முனையில் ரப்பர் புஷ் ஒன்று மாட்டியிருந்தது.

அந்த ரப்பர் என் கையால் மாட்டியது. கடைத் தரையில் குடையை ஊன்றினால் வழுக்குகிறது என்று இவர் சொன்னபோது, ஸ்டெபிலைசர் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கிற லிங்க்கிலிருந்து கழற்றிய புஷ்ஷைச் செதுக்கி நான் பொருத்திக் கொடுத்தேன். குடைக்குக் கார் சாமான் மாட்டுகிற பைத்தியம் இந்த ஊரில் வேறு யாருமில்லை. அந்தக் குடையைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டதாக இவர் சொல்லி, நான் திட்டியும் முடித்திருந்தேன்.

"இது யாருதுங்க?" என்றேன்.

"அதுவா? ஒரு பெரியவர் விட்டுட்டுப் போனது. திரும்ப வந்தா குடுக்கணும்னு வச்சிருக்கேன், ஒவ்வொரு தடவையும் மறந்துடறேன். செவ்வாய்க்கிழமை தவறாம வருவாரு. காலைல போயி சாயங்காலம் திரும்புவாரு."

"வளைவு அவருக்கு ஒத்துக்குதா?"

டாக்ஸிக்காரர் சிரித்தார். "அவருக்கா? மத்தவங்க எல்லாம் கவரை வாய்ல வச்சுக்கிட்டு வருவாங்க, அவர் குறட்டை விடுவாரு. இறங்குற இடத்துல நான்தான் எழுப்பணும். மருந்துக்கடைல பொண்ணு வேலை பாக்குதாம், பார்த்துட்டு வருவாரு."

செவ்வாய்க்கிழமை இவர் கடைக்கு விடுமுறை. மொத்தக் கடைத்தெருவில் லென்ஸ் வாங்கப் போகிறேன் என்று போவார். சாயங்காலம் களைத்து வருவார். பாவம், இந்த வயதில் அலைகிறாரே என்று காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கம். அந்த டாக்ஸிக்காரர் முன்னால் என் முகம் எப்படி இருக்கிறதோ என்று பயந்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். "இந்தக் குடையை நான் குடுத்துடறேன், அவர் எனக்குத் தெரிஞ்சவர்தான்" என்று அங்கிருந்தே சொன்னேன். அவர் வண்டியை ஒழுங்காகச் செய்து கொடுத்தேன். வேலையில் நான் யாரையும் ஏமாற்றுவதில்லை.

இருந்தும் மனசு விடவில்லை. தூங்கினால் குமட்டாதோ என்னவோ, என் வண்டியில் முன்சீட்டில் விழித்துக்கொண்டு உட்கார்ந்ததால் வந்திருக்குமோ என்றெல்லாம் அவருக்காக நானே வக்கீல் வேலை பார்த்தேன். கட்டின புருஷனைக் கள்ளனாக்க அவ்வளவு சீக்கிரம் மனசு வருமா? கடைசியில், வண்டியே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, "வண்டி தயார், கிளம்புங்க" என்றேன். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேட்டியை மாற்ற இவ்வளவு நேரம் ஒரு மனுஷன் எடுத்து நான் பார்த்ததில்லை.

மலை ஏறினோம். நானே என் வேலையை மெச்சிக்கொள்ளும்படி ஓடியது வண்டி. வளைவில் தரையில் பதித்து வைத்த பெட்டி மாதிரி நேராக நின்றது, பள்ளத்தில் மெத்தென்று இறங்கி ஏறியது. நாலைந்து வளைவு தாண்டியிருப்போம். அதே இடம் வந்தது. அதே கைக்குட்டையும் வந்தது.

"முடியல. திருப்பிடேன்" என்றார்.

ஓரமாக நிறுத்தினேன். "இன்னும் கொஞ்சம் தளர்த்தணும் போல. பத்து நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்தேன். குறுக்குக் கம்பியைச் சக்கரத்தோடு பிடித்திருக்கிற லிங்க்கை இரண்டு பக்கமும் கழற்றி, ஒயரால் கட்டி வைத்தேன். இப்போது அந்தக் கம்பி இருந்தும் இல்லாத மாதிரி. மெத்தென்ற ஸ்பிரிங்கும், பிடித்து நிறுத்த ஆளில்லாத வண்டியும். ஷேர் டாக்ஸி தோற்றுப்போகும்.

"சரி, வீட்டுக்கே போயிடலாம். இப்ப உங்களுக்குச் சுகமா இருக்கும்" என்று வண்டியைத் திருப்பினேன்.

இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் வண்டி படகாகச் சாய்ந்தது. எனக்கே தொண்டை வரை வந்து போனது. இவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டார். வாய்க்குள்ளே ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

"இப்ப நல்லா இருக்கு. கொஞ்சம்கூடத் தெரியல. உன் கை பட்டா சும்மாவா?"

அந்தப் பாராட்டுத்தான் என்னைக் கொன்றது. நிறுத்தினேன். பின்சீட்டுக்கு அடியிலிருந்து குடையை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

அவர் குடையைப் பார்த்தார், முனையிலிருந்த ரப்பரை விரலால் தடவினார். "எங்க கிடைச்சுது?" என்றார்.

"டாக்ஸி டிக்கியில. நீங்க குறட்டை விடுவீங்கன்னும் சொன்னாரு."

குடையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க ஆரம்பிப்பதற்குள் அதை அவர் கையிலிருந்து வாங்கி முன்னால் வைத்தேன். "துடைச்சது போதும். சொல்லுங்க."

"அவதான் சொன்னா" என்று மகள் தலையில் போட்டுத்தான் ஆரம்பித்தார். "அம்மா இப்ப வர வேண்டாம்ப்பா, வந்தா அன்னைக்கே வீட்டைக் கழட்டிப் பூட்ட ஆரம்பிச்சுடுவாங்கன்னா. குழாய் சொட்டுது, கதவு உரசுது, ஒரு நாற்காலி ஆடுது. நீ பார்த்தா சும்மா இருப்பியா?"

"இருக்கமாட்டேன். எதுக்கு இருக்கணும்?"

"அதான். அவ அதையெல்லாம் அப்படியே விட்டு வச்சிருக்கா. யாரும் சரி பண்ணாத ஒரு இடம் வேணுமாம் அவளுக்கு. உன்கிட்ட நேரா சொல்ல முடியலைன்னு அழுதா. கொஞ்ச நாளைக்குன்னுதான் ஆரம்பிச்சோம்."

"ஆரம்பிச்சீங்க. நான் மாசக்கணக்கா வண்டிக்கு அடியில கிடந்தேனே. முதுகுன்னீங்க, ஸ்பிரிங்கை மாத்தினேன். கழுத்துன்னீங்க, கம்பியை மாத்தினேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? உங்க வயிறு எங்க புரட்டும்னு பின்சீட்ல கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன், தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். டிங்கர்காரர் சொன்னாரு."

தெரிந்துதான் இருந்திருக்கிறது. அதற்கு மேல் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் இவராகவே பேசினார். பேசாத மனுஷன் என்றைக்காவது வாயைத் திறந்தால் நிறுத்தத் தெரியாது போல.

"எனக்கும் அது பிடிச்சுப்போச்சு. வீட்ல அவ உன் பொண்ணாதான் இருந்தா. நீ பேசுவ, அவ பேசுவா. அங்க போனா என்கிட்ட மட்டும் பேசுறா. அந்த ஆடுற நாற்காலியில நான் உக்காந்தா, உடனே சிரிப்பா. அது… எனக்கே எனக்குன்னு இருந்துச்சு."

மகள் சொன்னதைக்கூட என்னால் ஒரு மாதிரி விழுங்க முடிந்தது. பிள்ளைகள் தாயிடம் ஒளிவது உலகத்தில் புதிதில்லை. ஆனால் நான் இந்த மனுஷனை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்றுதானே என் மகளைப் பார்க்காமல் இருந்தேன்? அதே நாட்களில் இவர் என்னை விட்டுவிட்டுப் போய், அதில் ஒரு சுகம் கண்டிருக்கிறார். இரண்டு பேரும் மேலே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்க, நான் கீழே கிரீஸில் கிடந்திருக்கிறேன்.

இறங்கி லிங்க்குகளை மறுபடி பூட்டினேன். இரண்டு சக்கரமும் சமமாக நிற்கிற இடம் பார்த்து நிறுத்தினால்தான் கம்பியில் இறுக்கம் இல்லாமல் நட்டு ஏறும். அதையும் பார்த்துச் செய்தேன். இவர் பக்கத்தில் வந்து நின்று, "இப்ப எதுக்கு இது?" என்றார்.

"ஆடுற வண்டியில நான் என் பொண்ணு வாசல்ல போய் நிக்கமாட்டேன்."

மறுபடி மலை ஏறினோம். வழியில் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நான் மேல வரல. எதையும் தொடமாட்டேன், எதையும் பார்க்கமாட்டேன். நீங்க அவளைக் கூப்பிட்டு, 'அம்மா வந்திருக்கா, கீழ வண்டியில இருக்கா'ன்னு மட்டும் சொல்லுங்க. அவ இறங்கி வரணும்னு தோணினா வரட்டும். தோணலைன்னா நான் போயிடறேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்காகச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார். கையை நீட்டி என் தோளைத் தொட்டும் சொன்னார்.

சின்னத் தெரு. கீழே மூடிய கடை, பக்கவாட்டில் மாடிப்படி, மேலே ஜன்னல். இவருக்கு வழி சொல்லத் தேவையே இருக்கவில்லை. எங்கே நிறுத்தினால் நிழல் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. குடையோடு இறங்கினார். கதவு சாத்திய சத்தம் கேட்டு மேலே ஜன்னலில் மகள் எட்டிப் பார்த்தாள். ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்தாள். முகம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. வண்டிக் கண்ணாடி வழியாகக் கழுத்தை வளைத்து அவ்வளவுதான் என்னால் பார்க்க முடிந்தது. நீல வண்டியை அவள் வாடகை வண்டி என்று நினைத்திருக்க வேண்டும், அதன் மேல் அவள் கண் நிற்கவேயில்லை.

"என்னப்பா, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை இல்லையே" என்றாள், சிரித்துக்கொண்டே. போனில் என்னிடம் பேசுகிற குரல் இல்லை அது. இவ்வளவு லேசான குரல் அவளுக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. "அம்மாகிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

நான் ஸ்டியரிங்குக்கு மேலே குனிந்து இவர் முகத்தைப் பார்த்தேன்.

இவர் அண்ணாந்து பார்த்தார். வண்டியின் பக்கம் பாதி திரும்பிய தலை, மறுபடி மேலே போனது.

"மேல வந்து சொல்றேன்" என்றார்.

குடையை ஒவ்வொரு படியிலும் ஊன்றி ஏறினார். ரப்பர் இருந்ததால் சத்தமே கேட்கவில்லை. ஜன்னலில் மகளைக் காணவில்லை, கதவு திறக்கப் போயிருப்பாள். என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். மேலே போனதும் சொல்லிவிடுவார், படியில் காலடி கேட்கும் என்று அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படியில் ஒரு சத்தமும் இல்லை. மாடியிலிருந்துதான் வந்தது. டக், டக். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் டக். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உடனே மகளின் சிரிப்பு கேட்டது.

நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, பின்பக்கம் இடது கால். சின்னதாக ஒரு ரப்பர் வைத்தால் போதும், பக்கத்து சீட்டில் இருக்கிற என் சாமான் டப்பாவிலேயே இருக்கிறது. கை தன்னால் டப்பாப் பக்கம் போனதைப் பார்த்து அதை இழுத்து ஸ்டியரிங்கில் வைத்தேன்.

இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு வண்டியைக் கிளப்பித் திருப்பினேன். ஜன்னலுக்கு யாரும் வரவில்லை.

இறக்கம் முழுக்க ஒரு வளைவில்கூட வண்டி சாயவில்லை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. எனக்குத்தான் குமட்டிக்கொண்டு வந்தது. வண்டியை நிறுத்தாமல் வீடு வரை ஓட்டி வந்தேன்.